எங்கள் மலையில் கோபுரம்: ரூபவாஹினிக்குக் கட்டாயக் கட்டணம் வைத்தால் லயனுக்கு என்ன ஆகும்?

மூடுபனி இல்லாத நாளில் நுவரெலியா டவுனில் நின்று அண்ணாந்து பார்த்தால் பீதுருதலாகலை தெரியும். 2,524 மீற்றர். இலங்கையில் அதைவிட உயர்ந்த மலை இல்லை. உச்சிக்கு நினைத்தபடி ஏற முடியாது, அது பாதுகாப்பு வலயம். அங்கே நிற்பது ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்புக் கோபுரம். 1982 பெப்ரவரி 15 அன்று தேசியத் தொலைக்காட்சி தொடங்கியபோது நாட்டுக்குப் படம் இந்த மலையிலிருந்துதான் இறங்கியது. மலையின் இடுப்பைச் சுற்றித் தேயிலை, தேயிலைக்கு நடுவே தோட்டத் தொழிலாளர்கள் வாழும் வரிசை வீடுகளான லயன்கள்.

நான் பிறந்தது அப்படி ஒரு லயனில், தலவாக்கலைப் பக்கம். பொதுத் தொலைக்காட்சியை நடத்த ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயமாகக் கட்டணம் வாங்கலாமா என்ற கேள்வியை அந்த லயனின் இஸ்தோப்பிலிருந்து, அதாவது திண்ணையிலிருந்து, பார்ப்பதுதான் இந்த ஆய்வு. எடுத்துக்கொண்ட நிகழ்வு ஒன்றுதான்: ரூபவாஹினி, 1982 முதல் இன்றுவரை. மற்ற நாடுகளை ஒப்பிடுவதற்கு மட்டும் எடுக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்று கட்டணம் வைத்தால் அதை நான் எதிர்ப்பேன். ஆனால் இப்போது இருக்கும் முறையை அதைவிட அதிகமாக எதிர்க்கிறேன். ஏனென்றால் இப்போதும் நாங்கள் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கொடுப்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அதனால் திருப்பிக் கேட்க எங்களுக்கு வாய் இல்லை.

பற்றரியில் ஓடிய டிவி

எங்கள் லயனுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே டிவி வந்துவிட்டது. லயனின் ஆறாம் காம்பராவில் (அறையில்) இருந்த பெரியப்பா ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினார். கார் பற்றரியில் ஓடும். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பற்றரியைத் தோளில் வைத்து டவுனுக்கு இறங்குவார், சார்ஜ் போட்டு மறுநாள் தூக்கி வருவார். கோபுரம் இருக்கும் மலை பக்கத்தில்தான் என்றாலும் எங்கள் லயன் ஒரு மடிப்புக்குள் இருந்தது. மூங்கிலை ஒட்டுப் போட்டு உயர்த்தி அன்டெனா கட்டிய பிறகுதான் படம் நின்றது. அதற்கும் காற்றடித்தால் ஒருவர் வெளியே போய்த் திருப்ப வேண்டும்.

பெரியப்பா பற்றரியைத் தண்ணீர் போல அளந்து செலவழிப்பார். சிங்கள நாடகத்தைப் பிள்ளைகள் கேட்டால், "தமிழ்ச் செய்திக்கு மிச்சம் இருக்கணும்டா" என்று அணைத்துவிடுவார். செய்தி நேரத்துக்கு இருபது இருபத்தைந்து பேர் அந்தச் சின்னக் காம்பராவில் நெருக்கி உட்கார்ந்திருப்போம். செய்தியில் எங்கள் பெயர் வராது. கொழுந்து விலை வரும், சம்பளப் பேச்சுவார்த்தை நடந்தால் அரை நிமிடம் வரும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அவர் பற்றரி சுமந்தார்.

அந்தக் காம்பராவில் உட்கார்ந்திருந்த எல்லோரும் இந்த நாட்டின் பிரஜைகள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல், ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. மீதியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம், 35ஆம் இலக்கச் சட்டம், 2003இல்தான் வந்தது. ரூபவாஹினி தொடங்கிய 1982இல், கோபுரத்தின் அடிவாரத்தில் வாக்குரிமை இல்லாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தேசியத் தொலைக்காட்சியின் "தேசியம்" அவர்களை எண்ணிக்கையில் சேர்க்காமலே தொடங்கியது. பின்னர் வந்த பணப் பிரச்சினையையும் மொழிப் பிரச்சினையையும் இந்தத் தொடக்கத்தை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

ஜப்பான் கொடுத்ததும் கொடுக்காததும்

ரூபவாஹினியின் கட்டடமும் கருவிகளும் ஜப்பான் அரசின் நன்கொடை. அதே ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே எப்படி நடக்கிறது? 1950ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டப்படி, டிவி வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் அதனோடு ஒப்பந்தம் செய்து கட்டணம் கட்ட வேண்டும். என்எச்கேயில் விளம்பரம் கிடையாது. கட்டாதவரைச் சிறையில் போடுவதில்லை, ஆனால் கட்டும் கடமை சட்டபூர்வமானது. இது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2023 ஒக்டோபரில் சாதாரணச் சேவைக்கான கட்டணத்தை மாதம் 1,100 யென்னாகக் குறைத்தார்கள்.

கோபுரம் வந்தது, ஸ்டூடியோ வந்தது, அதைத் தாங்கி நிற்கும் பண ஏற்பாடு வரவில்லை. 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான கூட்டுத்தாபனத்துக்குப் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர். செலவுக்கு விளம்பரமும் அரசின் கையும். இந்த இரண்டு கால்களும் எங்களை விட்டுத்தான் நடக்கும்.

விளம்பரக்காரர் வாங்கும் சக்தி உள்ளவரைத் தேடுகிறார். நாள் சம்பளத்தில் அரிசியும் மாவும் சீனியும் வாங்கும் வீட்டுக்குக் கார் விளம்பரமோ வங்கி விளம்பரமோ எதற்கு? அதனால் விளம்பரத்தை நம்பும் பொதுத் தொலைக்காட்சியில் தோட்டத் தமிழருக்கான நிகழ்ச்சி எப்போதும் நட்டக் கணக்கில்தான் எழுதப்படும். இது யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, பணம் வரும் வழியின் குணம். தமிழுக்கென்று ரூபவாஹினிக்கு நேத்ரா அலைவரிசை இருக்கிறது, மற்றோர் அரச தொலைக்காட்சியான ஐரீஎன்னுக்கு வசந்தம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் தமிழ்த் தயாரிப்பாளர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஒரு நிகழ்ச்சிக் குழுவை மஸ்கெலியாவுக்கோ பூனாகலைக்கோ அனுப்பி இரண்டு நாள் தங்கவைத்துப் படம் பிடிக்க வேன், டீசல், ஆட்கள் எல்லாம் வேண்டும். அந்தப் பணத்தை எந்த விளம்பரமும் தராது.

அரசின் கையைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. 2007 டிசம்பர் 27 அன்று அமைச்சர் ஒருவர் ஆட்களோடு ரூபவாஹினிக்குள் நுழைந்தார், ஊழியர்கள் எதிர்த்து நின்று அவரை மறித்து வைத்தார்கள். 2018 ஒக்டோபர் 26 இரவு பிரதமர் மாற்றப்பட்டதும் அரச ஊடக நிறுவனங்களுக்குள் ஒரு கூட்டம் புகுந்தது. 2022 ஜூலை 13 அன்று போராட்டக்காரர்கள் ரூபவாஹினிக்குள் போனார்கள், ஒளிபரப்பு சிறிது நேரம் நின்றது. மூன்று நாட்களிலும் உள்ளே போனவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆனால் இந்த நிலையத்தைப் பிடித்தால் நாட்டின் குரலைப் பிடித்ததாக ஆகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பார்ப்பவர்களுடையது என்று யாரும் நினைக்கவில்லை.

இதை நீதிமன்றம் நினைத்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1995இல் ஒரு முறைசாராக் கல்வி வானொலி நிகழ்ச்சியைத் திடீரென்று நிறுத்தியது. அதில் பங்கெடுத்து வந்த ஒரு நேயர் வழக்குப் போட்டார். 1996இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பங்கெடுக்கும் நேயருக்கும் கருத்துச் சுதந்திரம் உண்டு என்றது. அடுத்த ஆண்டு, 1997இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அந்த அதிகாரசபை அரசிடமிருந்து சுதந்திரமாக இல்லை என்று சொல்லி அதையும் நிறுத்தியது. அலைவரிசைகள் மக்களின் சொத்து, அரசு அதற்குப் பொறுப்பாளர் மட்டுமே என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. முப்பது வருடம் ஆகப்போகிறது. அந்த எண்ணத்துக்கு ஏற்ற பண ஏற்பாடு இன்னும் இல்லை.

டிஷ்

இப்போது எந்த லயனுக்குப் போனாலும் தகரக் கூரைக்கு மேல் வரிசையாக டிஷ் தெரியும். மாதாமாதம் ரீலோட். காசில்லாத மாதம் கறுப்புத் திரை, அட்வான்ஸ் கிடைத்ததும் மறுபடி படம். பார்ப்பது பெரும்பாலும் சென்னை அலைவரிசைகள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாள் முழுக்கக் கூடை சுமந்து, அட்டைக் கடியோடு வந்து, சமைத்து முடித்து உட்காரும் அக்காவுக்குத் தன் மொழியில் ஒரு நாடகம் ஓய்வு. ஆனால் அந்த ரீலோட்டைப் பாருங்கள். தோட்டத்து வீடு தொலைக்காட்சிக்குக் கட்டணம் கட்டத் தயாராகவே இருக்கிறது. 2024 ஜனவரி முதல் 18 வீத வற் வரியும் இருக்கிறது, சோப்பு வாங்கினாலும் ரீலோட் போட்டாலும் அதில் ஒரு பங்கு அரசுக்குப் போகிறது. அந்தப் பணத்திலிருந்துதான் அரச தொலைக்காட்சியும் தாங்கப்படுகிறது. ஆகவே "ஏழைகளிடம் கட்டணம் வாங்காதே, இலவசமாக இருக்கட்டும்" என்று சொல்பவர்கள் நல்ல மனதோடு சொன்னாலும், இலவசம் என்ற ஒன்று இங்கே முதலிலிருந்தே இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்தது. மின்சாரம் போவதற்கு முந்திய மாலை என் தங்கை வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் தமிழ்நாட்டுக் கரையோர மாவட்டங்களின் மழை எச்சரிக்கை, தெளிவான தமிழில், வரைபடத்தோடு. எங்கள் மலைக்கு எச்சரிக்கை இல்லை. தங்கை போனில் சொன்னாள்: "அண்ணே, நாகப்பட்டினத்துல எங்க நிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். நம்ம தண்ணிப் பீலிக்கு மேல இருக்கிற மலை நிக்குமான்னு யாரைக் கேட்கிறது?" கடைசியில் லயன் ஆட்களே முடிவெடுத்துக் கோயிலுக்குப் போய்ப் படுத்தார்கள். அவர்கள் தப்பினார்கள். தப்பாத லயன்கள் எத்தனையோ.

இது புதிதும் அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது, அது வாழ்க்கைக்குள் வந்து சேரவில்லை. நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஆனால் அதில் வருவது பிரதேச செயலாளர் பிரிவின் பெயர். எங்கள் ஆட்களுக்குத் தெரிவது தோட்டத்தின் பெயர், மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், மலை நம்பர். இரண்டையும் தெரிந்த ஒருவர் மைக்குக்கு முன் உட்கார்ந்து, "இந்தத் தோட்டம், இந்த டிவிஷன், ஸ்டோருக்கு மேல் இருக்கும் லயன் ஆட்கள் இப்போதே இறங்குங்கள்" என்று சொல்ல வேண்டும். பொது ஒளிபரப்பு என்று நான் கேட்பது இதைத்தான். மின்சாரம் போனால் டிவியும் போகும் என்பதால் வானொலியும் இதில் சேர வேண்டும். 1999இல் கொத்மலைச் சமூக வானொலி யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தில் தேடிய தகவலை மக்களுக்கு ஒலிபரப்பியது, உலகமே வந்து பார்த்தது. இது நம் மலையில் நடக்க முடியாத காரியம் அல்ல.

மற்ற இடங்களில்

பிரித்தானியாவில் 1946 முதல் டிவி லைசன்ஸ் இருக்கிறது, பிபிசி நடப்பது அந்தக் கட்டணத்தில். 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுணாக இருந்தது. கோடீஸ்வரருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒரே தொகை. கட்டாமல் பார்ப்பது குற்றம், 1,000 பவுண் வரை தண்டம் போடலாம். இதில் தண்டிக்கப்படுபவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். அதிகாரி கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இருப்பவர் பெண் என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். எங்கள் லயனில் பகலில் தட்டினால் கதவைத் திறப்பது பாட்டி. பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். பாட்டியின் பெயரில் வழக்கு எழுதுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பிரித்தானிய முறையை அப்படியே எடுக்கக்கூடாது என்பேன்.

ஆனால் அங்கே மக்கள் கொடுத்த பணம் என்ன செய்தது என்பதையும் நாங்கள் அறிவோம். பிபிசியின் தமிழ்ச் சேவை 1941இல் தொடங்கியது. எங்கள் நாட்டின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் அதன் தமிழோசை வானொலியைக் கேட்காத லயன் குறைவு. உலக சேவைக்கு முன்பு வெளிநாட்டு அமைச்சு பணம் கொடுத்தது. 2014 முதல் அந்தச் சுமையின் பெரும்பகுதி லைசன்ஸ் கட்டணத்துக்கு வந்தது. முதலில் வரியாகவும் பின்னர் கட்டணமாகவும், எங்கோ மழையில் நனைந்த ஒரு நகரத்தில் ஒரு வீட்டார் கொடுத்த பணத்தில் நாங்கள் உண்மைச் செய்தி கேட்டோம்.

ஜெர்மனி 2013இல் வேறு வழிக்குப் போனது. பெட்டியை எண்ணுவதை விட்டுவிட்டு வீட்டை எண்ணுகிறார்கள், மாதம் 18.36 யூரோ. அரச உதவித் தொகையில் வாழ்பவர்களுக்கு விலக்கு. தொகையைக் கணக்கிட்டுச் சொல்வது ஒரு சுயாதீன ஆணைக்குழு. 2020இல் ஒரு மாநிலம் உயர்வைத் தடுத்தபோது, 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டு உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் அப்படியில்லை. அரசு நினைத்தால் இரண்டு வருடத்துக்குக் கட்டணத்தை உறைய வைக்கும், வைத்தது. பின்லாந்து 2013இலும் சுவீடன் 2019இலும் லைசன்ஸை ஒழித்து, வருமானத்துக்கேற்ப, உச்சவரம்போடு வாங்கும் முறைக்குப் போயின. பிரான்ஸ் 2022இல் ஒரேயடியாக நிறுத்தியது.

கிரேக்கத்தின் கதை எச்சரிக்கை. அங்கே மின்சாரப் பட்டியலோடு மக்கள் கட்டணம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2013 ஜூன் 11 அன்று அரசு பொதுத் தொலைக்காட்சியை ஒரே நாளில் மூடியது. திறக்க இரண்டு வருடம் ஆனது. கட்டணம் மட்டும் வேலி ஆகாது.

இங்கே எப்படி வாங்குவது

முகவரியை வைத்து வாங்க முடியாது. பல லயன்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டத்து ஒஃபீசுக்கு வந்து அங்கிருந்துதான் கைக்கு வரும். அப்புறம், ஒரு காம்பராவில் அப்பா அம்மா, கல்யாணமான மகன், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு மூன்று குடும்பம். இது ஒரு வீடா, மூன்று வீடா? மின்சாரப் பட்டியலில் சேர்ப்பது வசூலுக்கு எளிது. இத்தாலி 2016இல் அப்படிச் சேர்த்ததும் ஏய்ப்பு வெகுவாகக் குறைந்தது. பாகிஸ்தான் மாதம் 35 ரூபாயை நீண்ட காலம் அப்படித்தான் வாங்கியது. ஆனால் ஏழை வீட்டில் டிவி கட்டணம் நிலுவையானால் விளக்கையும் அணைப்பார்களா என்ற பயம் வரும். அந்தப் பயத்தைக் கொடுக்கும் எந்த முறையும் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாட்டில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. 50 லட்சம் வீடு மாதம் 100 ரூபாய் கட்டினால் மாதம் 50 கோடி, வருடம் 600 கோடி. பெரிய தொகை. ஒரு வீட்டுக்கு வருடம் 1,200 ரூபாய். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதன்படி பார்த்தால் தோட்டத்து வீட்டுக்கு 1,200 ரூபாய் ஏறத்தாழ ஒரு முழுப் பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம். கொழுந்து குறைந்து அரைப்பேர் போட்ட நாளென்றால் அதற்கும் மேல். மாதம் ஒரு லட்சம் வாங்கும் கொழும்பு உத்தியோகத்தருக்கு அது அரை நாள் சம்பளம்கூட இல்லை. ஒரே தொகை என்பது சமம்போலத் தெரிகிறது, கையில் வரும்போது சமமில்லை.

ஆகவே நான் கேட்பது இது. வருமான வரி கட்டுபவர்களிடமும் பெரிய நிறுவனங்களிடமும், வருமானத்துக்கேற்ப, உச்சவரம்போடு, பொது ஒளிபரப்புக்கென்று பெயர் சொல்லி வாங்க வேண்டும். நாள் சம்பளத் தோட்டக் குடும்பங்களுக்கும் அரசின் நலன்புரி உதவித்தொகையான அஸ்வெசும பெறுபவர்களுக்கும் முழு விலக்கு. அஸ்வெசும பட்டியலை மட்டும் நம்பக்கூடாது, அதில் விடுபட்ட தோட்டக் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே இருக்கின்றன. வரும் பணம் திறைசேரிக்குள் கலக்காமல் தனி நிதிக்குப் போக வேண்டும். பணிப்பாளர் சபையை அமைச்சர் நியமிக்கும் முறை அதற்கு முன்பே போக வேண்டும். இந்த வரிசை முக்கியம். சபையை மாற்றாமல் பணத்தை மட்டும் கட்டாயமாக்கினால் இன்னும் பெரிய மைக் ஒன்றை அதே கைகளில் கொடுத்ததாகிவிடும்.

விலக்குப் பெறுகிறவருக்கு உரிமை இருக்குமா என்று என்னிடம் ஒரு நண்பர் கேட்டார். காசு கொடுக்காதவர் எப்படிக் கேள்வி கேட்பது? 2012 கணக்கெடுப்பில் எங்கள் மக்கள் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர், நாட்டின் 4.1 வீதம். இருநூறு வருடமாக இந்த நாட்டின் தோட்டங்களில் உழைத்தவர்கள். முன்பணம் எப்போதோ கட்டியாகிவிட்டது என்பதுதான் என் பதில். அந்த உரிமையை நல்லெண்ணத்துக்கு விடாமல் சட்டத்தில் எழுத வேண்டும்: முக்கிய நேரத்தில் தமிழுக்கு இத்தனை மணி என்று, மலையகத்தில் ஒரு நிலையமும் அங்கேயே வாழும் செய்தியாளர்களும் என்று, அனர்த்த எச்சரிக்கை இரு மொழியிலும் ஒரே நிமிடத்தில் என்று, அதுவும் தோட்டத்தின் பெயர் சொல்லி.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். கட்டணம், விலக்கு, சபை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "விலக்கெல்லாம் எதுக்குப்பா, நூறு ரூபாய்தானே, நானே குடுக்கிறேன். மழைக்கு நம்ம டிவிஷன் பேரைச் சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

சொல்வார்கள் என்று அவருக்கு இன்று உறுதி கொடுக்க என்னால் முடியவில்லை. பீதுருதலாகலை அவருடைய வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்.